பழைய பந்துகளைப் பிரித்து 24 நினைவுப் பலகைகள் செய்த அனுபவம்

கடைசிப் பலகையில் கடைசி முடிச்சைப் போட்டு நூலை வெட்டியபோது எங்கள் கால்பந்து அணியின் சீசன் முடிவு விருந்து தொடங்க நான்கு மணி நேரம் இருந்தது. விடுதி அறையின் தரை முழுக்க மரத்தூளும் நூல் துண்டுகளும். இரண்டு விரல்களில் பிளாஸ்திரி. சுவரை ஒட்டி 24 பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் இந்த சீசன் முழுக்க நாங்கள் உதைத்துத் தேய்த்த பந்தின் ஒரு துண்டு, அதன் கீழே ஒரு பெயர். மொத்தம் பன்னிரண்டு நாள் வேலை. அதில் முதல் ஐந்து நாள் தவறான வழியில் போனது. யாராவது இதே மாதிரி செய்ய நினைத்தால் அந்த ஐந்து நாளாவது அவர்களுக்கு மிச்சமாகட்டும் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

எங்களுடையது கல்லூரியின் கிளப் கால்பந்து அணி. அதிகாரபூர்வ அணி வேறு. நிதி, சீருடை, பயண வண்டி எல்லாம் அதற்குத்தான். நாங்கள் சந்தா போட்டு ஆடுகிறவர்கள். சீசன் முடிவு விருந்துக்குக் கணக்குப் போட்டபோது அரங்க வாடகையும் சாப்பாட்டுச் செலவுமே கையிருப்பை ஏறக்குறைய முடித்துவிட்டன. ஆட்டக்காரர்கள் 22 பேர், கோச், முதலுதவிப் பெட்டியோடு எல்லா ஆட்டத்துக்கும் வந்த தோழி: இந்த 24 பேருக்கும் கடையில் ஆயத்தக் கேடயம் வாங்கினால் சாப்பாட்டில் கைவைக்க வேண்டியிருக்கும். பந்து மூட்டை என் பொறுப்பில் இருந்தது. அதன் அடியில் காற்று நிற்காத, மேல்தோல் உரிந்த பந்துகள் ஐந்து கிடந்தன. கூட்டத்தில் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்: "இதைப் பிரிச்சு ஆளுக்கொரு துண்டு பலகையில வச்சுத் தர்றேன்."

பந்தைப் பிரித்தல்

எல்லாப் பந்தும் பிரியாது. இது எனக்கு முதல் நாளே தெரிந்தது. ஐந்தில் நல்ல நிலையில் இருந்ததையே முதலில் எடுத்தேன். கோடு கோடாகத் தையல் போலத் தெரிந்தது. பிளேடை வைத்துக் கீறினால் நூலே இல்லை. பேனல்களை, அதாவது பந்தின் வெளித் துண்டுகளை, சூட்டில் ஒட்டிச் செய்த பந்து அது. 2006 உலகக் கோப்பையில் ஆடிய டீம்கைஸ்ட் பந்து அப்படித்தான். 14 பேனல்கள், எல்லாமே சூட்டில் ஒட்டியவை. அந்த வகைப் பந்தைப் பிரிக்க முயன்றால் மேல்தோல் கிழியும், துண்டு முழுதாக வராது. ஒன்றரை மணி நேரம் போராடி ஒரு துண்டுகூடத் தேறாமல் அதை ஓரமாக வைத்தேன்.

இரண்டாவது, மிஷின் தையல் போட்ட பயிற்சிப் பந்து. தையல் சுலபமாகப் பிரிந்தது. ஆனால் பேனல் மெல்லியது, அடியில் நுரை ஒட்டியது. கையில் எடுத்ததும் நுரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. மூன்றாவது, மழைக்காலம் முழுக்க மூட்டையின் அடியில் ஈரத்தில் கிடந்து உள்துணி பூசணம் பிடித்தது. ஆக மிஞ்சியவை கையால் தைத்த இரண்டு பந்துகள். பழக்கமான 32 பேனல் வடிவம்: 20 அறுகோணம், 12 ஐங்கோணம். அறுகோணங்கள் வெள்ளை, ஐங்கோணங்கள் கறுப்பு. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையின் டெல்ஸ்டார் பந்தில் வந்த அதே நிற அமைப்பு. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அப்படிச் செய்தார்கள். எங்களுக்கு வேறு விதத்தில் உதவியது. இந்த வருடத்தோடு கல்லூரியை முடிக்கிறவர்கள் ஏழு பேர். அவர்களுக்குக் கறுப்பு ஐங்கோணம், மற்ற 17 பேருக்கும் வெள்ளை அறுகோணம் என்று பார்த்தவுடனே முடிவாகிவிட்டது.

இந்த இரண்டில் முதல் பந்தை வெளியிலிருந்தே பிரித்தேன். அது தப்பு. கைத்தையல் பந்தில் தையல் உள்பக்கம் இருக்கும். இரண்டு பேனல்களின் ஓரமும் உள்ளே மடங்கி, அந்த மடிப்புகளைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். வெளியே தெரிகிற பள்ளத்தில் பிளேடை விட்டால் நூலோடு பேனல் ஓரமும் வெட்டுப்படும். நான்கு அறுகோணங்கள் அப்படி வீணாயின. ஒரு பந்தில் பேனல்கள் சேரும் ஓரங்கள் மொத்தம் 90. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4.5 செ.மீ.; அதாவது கூட்டினால் நான்கு மீட்டர் தையல். முதல் பந்துக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

இரண்டாவது பந்துக்கு வழி கண்டுபிடித்தேன். ஒரே ஒரு ஐங்கோணத்தையும் அதை ஒட்டிய இரண்டு அறுகோணங்களையும் மட்டும் மெதுவாகப் பிரித்து, அந்த ஓட்டை வழியாக பிளாடரை (உள்ளே காற்று நிற்கும் பையை) வெளியே இழுத்துவிட்டு, பந்தையே உள்வெளியாகத் திருப்பினேன். விறைப்பாக இருந்ததால் முழங்காலுக்கு இடையில் வைத்து அழுத்த வேண்டியிருந்தது. திருப்பியதும் தையல் எல்லாம் கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. தையல்காரர்கள் தையல் பிரிக்க வைத்திருக்கும் சின்னக் கருவி ஒன்று போதும். ஐந்து தையலுக்கு ஒரு வெட்டு, பிறகு நூலை இழுத்தால் அடுத்த வெட்டு வரை தானாகக் கழன்று வரும். 50 நிமிடத்தில் 32 துண்டும் தனித்தனியாகத் தரையில் கிடந்தன.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் துலக்கும் திரவம், பழைய பல்துலக்கி. கறை போக வேண்டும் என்று மெலமின் ஸ்பாஞ்சால் (உரசிக் கறை எடுக்கும் வெள்ளை நுரை) ஒரு துண்டைத் தேய்த்தேன். கறையோடு பந்தின் அச்சும் பளபளப்பும் சேர்ந்து போய்விட்டது. அந்தத் துண்டைப் பார்த்தபோது அது யாரும் ஆடாத பந்தின் துண்டு மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு மண்ணை மட்டும் எடுத்தேன். புல் கறை, சிராய்ப்பு, மைதானக் கோட்டின் சுண்ணாம்பு ஏறிய இடம் எல்லாவற்றையும் அப்படியே விட்டேன். நிழலில் ஒரு நாள் உலர்த்திப் பார்த்ததில் தேறியவை 26 அறுகோணம், 11 ஐங்கோணம்.

தட்டையாக்கப் போய் இழந்த நாட்கள்

இங்கேதான் முக்கியமான தவறு நடந்தது. துண்டைத் தட்டையாக்கிப் பலகையில் ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் ஒரு சீசன் காற்றழுத்தத்தில் இருந்த துண்டு தன் வளைவை விடாது. மேசையில் வைத்து அளந்தால் அறுகோணத்தின் நடு, மூலைகளை விட 9 மி.மீ. உயரத்தில் நிற்கிறது.

முதல் முயற்சி, வெயிட். இரண்டு பலகைகளுக்கு இடையில் துண்டுகளை வைத்து, மேலே அறையில் இருந்த கனமான புத்தகங்கள் எல்லாவற்றையும் அடுக்கினேன். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது தட்டையாக இருந்தன. அன்று மாலைக்குள் மறுபடி கிண்ணம் மாதிரி வளைந்துவிட்டன.

இரண்டாவது, இஸ்திரிப் பெட்டி. மேலே துணி போட்டுத் தேய்த்தேன். சூடு கொஞ்சம் ஏறியதும் மேல்தோலில் கொப்புளம் கிளம்பியது. ஒரு துண்டு போச்சு.

மூன்றாவது, கொதிக்கிற தண்ணீர். ஐந்து நிமிடம் ஊறியதில் மேல்தோல் தனியாக, உள்துணி தனியாகக் கழன்று வந்தது. பேனல் என்பது ஒரே தோல் கிடையாது. செயற்கைத் தோலுக்கு அடியில் துணியை அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டியது. கொதிநீர் அந்தப் பசையைத்தான் இளக்கியது. இன்னொரு துண்டு.

நான்காவது, பசை. தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையை உள்துணியில் தடவி, பலகையில் வைத்து, நான்கு பக்கமும் கவ்வி போட்டேன். நடுவில் பிடித்தது, ஓரம் எழும்பியது. செருப்புக்குப் போடும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, 15 நிமிடம் காயவிட்டு அழுத்தினேன். இரவு முழுக்க நின்றது. எனக்கு ரொம்ப சந்தோஷம். மறுநாள் ஜன்னலோரம் வெயில் பட்டதும் ஆறு மூலையும் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. இரண்டு பசையிலும் ஒட்டிப் பார்த்த மூன்று துண்டுகளைப் பிய்த்தெடுத்தபோது உள்துணி கிழிந்தது. ஆக ஐந்து துண்டுகள் போய், 21 அறுகோணங்கள் மிஞ்சின. விருந்துக்கு ஏழு நாள்.

அன்று மாலை எங்கள் இடது விங்கரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அப்பா செருப்புத் தைக்கிறவர். துண்டை வாங்கி விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். மடிப்பில் வரிசையாக இருந்த பழைய தையல் ஓட்டைகளைக் காட்டிச் சொன்னார்: "தம்பி, இது தையல்ல நின்ன பொருள். திரும்பவும் தைச்சாத்தான் நிக்கும். வளைவை எதுக்கு அமுக்குற? அடியில ஏதாவது கொடுத்துத் தூக்கி விடு." அவர் சொன்ன இந்த இரண்டு விஷயத்தில்தான் வேலை முழுக்க அடங்கியிருந்தது. குத்தூசி ஒன்றையும் கொடுத்து, மெழுகு நூலை எப்படி இழுத்துப் பிடிப்பது என்று பத்து நிமிடம் செய்து காட்டினார்.

பலகை வெட்டுதல்

பலகைக்கு 6 மி.மீ. ப்ளைவுட். நான்கடிக்கு இரண்டடி துண்டு ஒன்று, அதாவது 122 × 61 செ.மீ. ஒரு பலகை 20 × 15 செ.மீ. என்று வைத்தால் நீளத்தில் ஆறு, அகலத்தில் நான்கு, சரியாக 24 வரும். ரம்பம் தின்னும் 2 மி.மீ.யையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நீளத்தில் 121, அகலத்தில் 60.6. மட்டுமட்டாக அடங்குகிறது. அடங்குகிறதே என்று மகிழ்ந்து அப்படியே வெட்டினேன். உபரியாக ஒரு பலகைகூட இருக்காது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

ஓரங்களுக்கு 120 நம்பர் உப்புத்தாள், முகத்துக்கு 120 போட்டுப் பிறகு 220. ப்ளைவுட்டின் மேல் ஏடு மிக மெல்லியது; உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, மர நரம்பின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். கையால் அழுத்தித் தேய்த்த இடங்கள் பள்ளமாகின்றன.

அடுத்து துளைகள். பழைய தையல் ஓட்டை ஒவ்வொன்றுக்கும் நேராகத் துளை போடுவதென்றால் 24 பலகைக்கு ஆயிரத்துக்கு மேல் போகும். அதனால் மூலைக்கு ஒன்று, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் இரண்டு என்று குறைத்தேன். அறுகோணத்துக்கு 18 துளை, ஐங்கோணத்துக்கு 15. எல்லாம் சேர்த்து 411. அட்டையில் ஒரு வார்ப்புரு வெட்டி, துளை இடங்களைக் குறித்து, நான்கு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவ்வியில் பிடித்து ஒரே தடவையில் துளைத்தேன். முதலில் போட்ட 1.5 மி.மீ. ட்ரில் பிட் ஒன்பதாவது துளையில் ஒடிந்து மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. 2 மி.மீ. பிட்டுக்கு மாறிய பிறகு ஒன்றும் ஒடியவில்லை. நான்கு பலகை அடுக்கின் உயரம் 24 மி.மீ.; பிட் கொஞ்சம் சாய்ந்தாலும் அடியில் இருக்கும் பலகையில் துளை தள்ளிப் போகும். அதைக் கவனித்தபின், சின்ன மரக்கட்டையை நேராக நிறுத்தி அதை ஒட்டியே ட்ரில்லைப் பிடித்தேன்.

வார்ப்புருவை முதல் பந்தின் துண்டை வைத்துச் செய்திருந்தேன். இரண்டாவது பந்தின் துண்டுகளை வைத்துப் பார்த்தால் ஓட்டைகள் பொருந்தவில்லை. பந்தின் வெளி அளவுக்கு விதி உண்டு: சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. வரை, எடை 410 முதல் 450 கிராம் வரை. ஓர் ஓரத்தில் எத்தனை தையல் என்பது செய்கிறவர் கையில். ஆகவே பழைய ஓட்டைகளை நம்பாமல், துண்டைப் பலகையில் வைத்து அடிப்பக்கத்துத் துளை வழியாகக் குத்தூசியை ஏற்றி எல்லாவற்றுக்கும் புது ஓட்டை போட்டேன். பழைய ஓட்டைகள் அப்படியே தெரிகின்றன, அழகாகத்தான் இருக்கிறது.

பெயர் எழுதுதல்

எல்லோருக்கும் பெயர், ஆட்டக்காரர்களுக்கு அதோடு ஆடும் இடம், சட்டை எண். முதலில் அழியாத மார்க்கரால் எழுதினேன். ஐந்து பலகை எழுதி, காய்ந்துவிட்டது என்று நம்பி, வார்னிஷ் பூசினேன். தூரிகை பட்ட நிமிடமே எழுத்துகள் கரைந்து நீல நிழலாகப் பரவின. வார்னிஷில் இருக்கும் கரைப்பானே மார்க்கர் மையையும் கரைக்கும். உப்புத்தாளால் தேய்த்து எடுக்கப் போனேன். மேல் ஏடு தீர்ந்து அடியில் இருந்த பசை அடுக்கு கறுப்புத் திட்டாக வெளியே வந்தது. உபரிப் பலகை இல்லையே! ஐந்தையும் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தை முன்பக்கமாக்கினேன். துளைகள் சமச்சீராக இருந்ததால் தப்பித்தேன்.

அதற்குப் பிறகு 25 வாட் சால்டரிங் அயர்ன் (ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் மின்கருவி). பழைய முனை ஒன்றைச் சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டையாக்கி, பென்சிலில் எழுதியதன் மேல் சுட்டுக்கொண்டே போனேன். தமிழ் எழுத்துக்கு இது பொறுமையான வேலை. மர நரம்பின் குறுக்கே போகும்போது முனை தயங்கும், நரம்போடு போகும்போது வழுக்கி ஓடும். ண, ழ, இகரச் சுழி ஆகியவை 8 மி.மீ. உயரத்தில் எழுதினால் உள்வட்டம் கருகி அடைந்துவிடுகிறது. 12 மி.மீ. வைத்த பிறகுதான் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. ஒரு பெயருக்குச் சராசரியாக 12 நிமிடம். புகை கண்ணை எரிக்கும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். எங்கள் சென்டர் பேக்கின் பெயர் மிக நீளம். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, மூன்று வருடம் பக்கத்தில் நின்று ஆடியவனின் முழுப் பெயரை அன்றுதான் முதன்முதலாக எழுத்து எழுத்தாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது.

வார்னிஷ் பாலியூரிதேன் வகை. இரண்டு பூச்சு, நடுவில் ஒரு நாள் இடைவெளி, முதல் பூச்சுக்குப் பிறகு 320 நம்பர் உப்புத்தாளால் ஒரு மெல்லிய தேய்ப்பு. மாதிரிக்காக முதல் நான்கு பலகைகளில் மட்டும் துண்டைத் தைத்த பிறகு வார்னிஷ் பூசியிருந்தேன். அது தவறு. தூரிகை நூலில் பட்டு, நூல் கறுத்துக் கம்பி மாதிரி விறைத்துவிட்டது. மற்ற இருபதையும் பூசி முடித்த பிறகே தைத்தேன். ஆனால் இங்கே அவசரப்பட்டேன். இரண்டாவது பூச்சு தொட்டால் ஒட்டவில்லை என்பதை மட்டும் பார்த்து, 18 மணி நேரத்திலேயே பலகைகளை நடுவில் செய்தித்தாள் வைத்து அடுக்கிவிட்டேன். காலையில் பிரித்தால் எல்லாப் பலகையின் பின்பக்கத்திலும் செய்தித்தாள் ஒட்டி, தலைப்பு வரிகள் கண்ணாடி பிம்பமாகப் பதிந்திருந்தன. முன்பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி, அதன்மேல் வழவழப்பான பிளாஸ்டிக் தாள் வைத்திருந்ததால் அது தப்பியது. மேல்பூச்சு காய்வதும் உள்ளே முழுக்க இறுகுவதும் வெவ்வேறு. உள்ளே இறுகப் பல நாள் ஆகும்.

தைத்தல்

துண்டின் ஓர மடிப்பு உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். அதை வெளிப்பக்கமாகத் திருப்பினால் தொப்பியின் விளிம்பு போல ஒரு தட்டை ஓரம் கிடைக்கும், அங்கேதான் தையல். மடிப்பை மட்டும் 60 டிகிரி அளவு சூடான தண்ணீரில் இரண்டு நிமிடம் பிடித்து, விரலால் வெளியே மடித்து, துணிக் கிளிப் போட்டு ஆறவிட வேண்டும். அந்தச் சூட்டில் உள்துணி கழன்று வரவில்லை.

வளைவைத் தாங்க அடியில் கொடுத்தது, கிழிந்துபோன உடற்பயிற்சி விரிப்பு. 4 மி.மீ. கனம். அறுகோணத்துக்கு 7 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம், அதன்மேல் 4 செ.மீ. விட்டத்தில் இன்னொரு வட்டம், ஒரு சொட்டு பசையால் நடுவில் ஒட்டியது. இரண்டும் சேர்ந்து 8 மி.மீ. உயரம். துண்டை மேலே வைத்தால் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. விரலால் அழுத்தினால் காற்றடித்த பந்து மாதிரியே லேசாக எதிர்த்து எழும்புகிறது. ஐந்து நாள் எதை அமுக்கப் பார்த்தேனோ அதுதான் இந்தப் பலகையில் எல்லோருக்கும் பிடித்த விஷயம்.

நூல், மெழுகு பூசிய 1 மி.மீ. பாலியெஸ்டர். ஒரு பலகைக்கு 1.2 மீட்டர். ஒரு துளையில் மேலே, அடுத்ததில் கீழே என்று ஒரு சுற்று போய், அதே துளைகள் வழியாகத் திரும்பி வந்தால் இடைவெளிகள் நிரம்பி, ஓடுகிற தையல் முழுக் கோடாகிவிடும். முடிச்சைப் பின்பக்கம் போட்டு, ஒரு சொட்டு பசை. கையால் ஊசியை இழுத்ததில்தான் விரல்கள் கிழிந்தன. பத்தாவது பலகைக்குப் பிறகு சின்னப் பிளையரால் இழுக்க ஆரம்பித்தேன். முதல் பலகைக்கு 40 நிமிடம், கடைசியில் 18 நிமிடம். மூன்று மாலைகள். கோல்கீப்பரும் முதலுதவித் தோழியும் இரண்டு மாலை கூட இருந்து விரிப்பை வட்டமாக வெட்டித் தந்தார்கள்.

கோச்சுக்கு, வால்வு இருக்கும் அறுகோணம். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் அழுத்தமானியை வைத்து எல்லாப் பந்துக்கும் காற்று பார்ப்பவர் அவர். விதிப்படி 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை இருக்கலாம்; அவருக்கு 0.8 இருந்தால்தான் திருப்தி. வால்வு பிளாடரின் பகுதி என்பதால், பிளாடரை வால்வைச் சுற்றி 2 செ.மீ. விட்டத்துக்கு வெட்டித் துண்டோடு சேர்த்து ஒட்டினேன். வால்வின் அடிக்குமிழ் பலகையில் இடித்தது. அதற்கு 16 மி.மீ. துளை போட்டு, பின்னால் பழைய மேசை இழுப்பறையின் அடிப்பலகையிலிருந்து வெட்டிய இன்னொரு துண்டை ஒட்டி மூடினேன். விரிப்பு வட்டத்திலும் நடுவில் ஓட்டை. அந்த ஒரு பலகைக்கு மட்டும் ஒரு முழு மாலை ஆனது. ஆனால் ஆகட்டும் என்றுதான் செய்தேன்.

செய்தித்தாள் பதிந்த பின்பக்கங்களை மறைக்க, கிழிந்த பயிற்சி மேலாடைகளைச் சதுரமாக வெட்டி ஒட்டினேன். ஆரஞ்சும் பச்சையும். முடிச்சுகளும் மறைந்துவிட்டன.

விருந்தில்

மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. யாரும் வருவதற்கு முன்பே அவரவர் நாற்காலியில் வைத்துவிட்டோம். உள்ளே வந்தவர்கள் தங்கள் பெயரைத் தேடி நாற்காலி நாற்காலியாகக் குனிந்து பார்த்தார்கள். முதலில் எல்லோரும் செய்தது ஒன்றுதான்: கட்டைவிரலால் அந்த மேட்டை அழுத்திப் பார்த்தார்கள். கோச் வால்வைத் தடவிவிட்டு, ஊசி இன்னும் உள்ளே போகுமா என்று கேட்டார். போகும் என்றேன். பையிலிருந்து ஊசியை எடுத்துச் செருகிப் பார்த்தார்.

சாப்பாடு முடிந்ததும் மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, பலகைகளைச் சேர்த்து வைத்துப் பந்தாக்கப் பார்த்தார்கள். ஒரு ஐங்கோணத்தைச் சுற்றி ஐந்து அறுகோணம். பலகைகள் சதுர மூலையோடு இருந்ததால் துண்டுகள் ஒன்றையொன்று தொடவே முடியவில்லை. மீந்த நான்கு அறுகோணங்களையும் நான்கு ஐங்கோணங்களையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஐங்கோணத்தின் மூலை 108 பாகை, இரண்டு அறுகோண மூலைகள் 240, கூட்டினால் 348. மேசையில் படுக்க வைத்தால் எப்போதும் 12 பாகை இடைவெளி விழும். இழுத்து மூடினால் துண்டுகள் எழும்பும். எங்கள் ரைட் பேக் இரண்டு கையாலும் அவற்றைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக் காட்டினான், கிண்ணமாக வந்தது.

அப்போதுதான் ஒருவன் தன் பலகையைக் காட்டி, "அண்ணா, இது எந்த மேட்ச் பந்து?" என்று கேட்டான். பிறகு எல்லோரும் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டாவது பந்து மட்டும் தெரியும். கூடுதல் நேரத்தில் தோற்ற அரையிறுதியில் வேலிக் கம்பியில் பட்டுக் கிழிந்த பந்து அது. அந்தக் கிழிசல் தாங்கிய அறுகோணம் எங்கள் ஸ்ட்ரைக்கருக்குப் போயிருந்தது. அவன் உதைத்துத்தான் அது வேலியில் பட்டது. நான் திட்டமிட்டுக் கொடுக்கவில்லை, வரிசையில் வந்ததைக் கொடுத்தேன். அவன் வெகு நேரம் அந்தக் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கணக்கும் அடுத்த தடவையும்

செலவில் பெரிய பங்கு ப்ளைவுட். மொத்தத்தில் ஏறக்குறைய பாதி. அடுத்தது வார்னிஷ். நூல், உப்புத்தாள், பிட் எல்லாம் சேர்த்துக் கால் பங்குக்கும் குறைவு. ட்ரில், கவ்வி, சால்டரிங் அயர்ன் கடன் வாங்கியவை. மொத்தமும் 24 ஆயத்தக் கேடயங்களுக்குக் கேட்ட விலையில் ஆறில் ஒரு பங்குதான் வந்தது. நேரக் கணக்கு வேறு: வீணான முயற்சிகளைத் தள்ளினாலும் 31 மணி நேரம். தனியாளாக இனி இதைச் செய்ய மாட்டேன். மூன்று பேர் வேண்டும், ஒருவர் துளைக்க, ஒருவர் எழுத, ஒருவர் தைக்க.

அடுத்த தடவை பலகையையே அறுகோணமாகவும் ஐங்கோணமாகவும் வெட்டுவேன், துண்டை விட 2 செ.மீ. மட்டும் பெரிதாக; எல்லாப் பலகைக்கும் பக்க அளவு ஒன்றாக இருந்தால் மேசையில் சேர்த்து வைக்கலாம். பெயர் ஓரத்தில் வராது, பின்பக்கம் போகும். உபரியாக நான்கு பலகை வெட்டுவேன். வேலை வரிசை: வெட்டு, துளை, உப்புத்தாள், எழுத்து, வார்னிஷ், முழுதாக ஒரு வாரம் இடைவெளி, கடைசியில் தையல். வார்னிஷ் பூசியதை அடுக்க மாட்டேன். ஆணி முனைகளின் மேல் தனித்தனியாக நிறுத்துவேன்.

புது சீசனுக்கு நேற்று இரண்டு பந்துகள் வந்தன. காற்றடிப்பதற்கு முன்பு வால்வுக்குப் பக்கத்துப் பேனலை ஸ்பிரிட்டால் துடைத்து, 1, 2 என்று எண் போட்டேன். மூட்டையின் உள்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். எந்த ஆட்டத்தில் எந்தப் பந்து, யார் கோல் போட்டார்கள் என்று ஆட்டம் முடிந்ததும் அதில் எழுதும் பொறுப்பைக் கோல்கீப்பர் ஏற்றுக்கொண்டான்.